குடும்ப மருத்துவமும் நம் தோல் நகரங்களும்

திருக்குறளில் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் அமைத்த வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் அவர் சேர்த்து எண்ணினார். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்கர் அல்ராஸி, மருத்துவரை நாட இயலாதோருக்கென்றே அரபு மொழியில் ஒரு கையேடு இயற்றினார். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. நோய் நீக்கத்தில் இல்லத்திற்கும் பங்குண்டு என்னும் இக்கருத்தே குடும்ப மருத்துவத்தின் அடிப்படை எனலாம்.

குடும்ப மருத்துவர்

பாட்டனாரையும் பேரக்குழந்தையையும் ஒருவரே தொடர்ந்து கவனித்து வருவது குடும்ப மருத்துவம். எவருக்கு எம்மருந்து ஒவ்வாது, எவ்வீட்டில் சர்க்கரை நோய் வழிவழியாக வருகிறது என்பனவற்றை அம்மருத்துவர் அறிவார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவரை உரிய வேளையில் அனுப்புவதும் அவர் கடமையாகும்.

வேலூர் மண்ணில் இம்மரபு பழையது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி, பின்னர்ச் சாலையோர மருத்துவமாகக் கிராமங்களை நாடிச் சென்றது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. 1977-இல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக நலப்பணி தொடங்கிற்று. ஆயினும், பெரிய ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது என்னும் துணிவில், சிறு நோயை முற்றவிட்டுப் பின்னர் ஓடுவோர் நம்மிடையே பலர்.

குழந்தை நோய்கள்

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் கவர்வது நீரிழப்பே. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடும்பத்தாரைக் கொண்டே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த இறப்பு, நான்கிற்கும் கீழே இறங்கியது. ஊட்டியவர்கள் தாய்மாரும் உறவினருமே என்பதை நாம் மறத்தலாகாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைப்பின், அதில் குறித்த அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். கிடையாதபோது, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் தலைதட்டிச் சேர்த்துச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மருத்துவர் தரும் துத்தநாக மருந்தைப் போக்கு நின்ற பின்னரும் 14 நாள் முடியக் கொடுத்தல் வேண்டும். கண் குழிதல், சோர்ந்து கிடத்தல், குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம் காணல் ஆகியன உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகள். 2016-இல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் ஆய்வு நடந்த மூன்று இடங்களுள் வேலூரும் ஒன்று என்பது நமக்குப் பெருமை.

இருமலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுக. 2 மாதம் முதல் 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50, அதற்குமேல் 5 வயது வரை 40, அல்லது அதனினும் மிகுந்தால் நிமோனியா எனக் கருதி மருத்துவரை நாட வேண்டும். மார்பின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்குமாயின் தாமதம் கூடாது. வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வற்புறுத்துவது நன்றன்று.

நாட்பட்ட நோய்கள்

இரத்த அழுத்தம் ஓசையின்றி வருவது. 140/90 என்னும் அளவை மீண்டும் மீண்டும் எட்டினும் உடலில் நோவு தோன்றாதிருக்கலாம். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையை நிறுத்துவோரே பின்னர்ப் பக்கவாதத்திற்கு ஆளாகின்றனர். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இம்மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர வழிசெய்தது.

சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைக் கெடுக்கும். முள் தைத்தாலும் வலிக்காது. வலிக்காத புண்ணை எவரும் கவனிப்பதில்லை. இவ்வுண்மையைத் தொழுநோயாளரின் கால்களில் கண்டு ஆராய்ந்தவர், வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1955-இல் தோன்றிய கரிகிரி தொழுநோய் மையமும் இத்துறையில் உழைத்தது. மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் பதித்த செருப்பு, அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிப் புண் வராமல் காக்கிறது. அதே செருப்பு இன்று சர்க்கரை நோயாளருக்கும் துணை. உலகுக்கெல்லாம் காலணி தைத்தனுப்பும் ஆம்பூரில், தம் பாதத்திற்கேற்ற செருப்பின்றி ஒரு முதியவர் விரலை இழப்பது தகுமோ? நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்த்தலும், செருப்புக்குள் கைவிட்டுக் கல், ஆணி உளவா என ஆய்தலும், வெறுங்காலோடு நடவாமையும் செலவில்லாத மருத்துவம்.

ரமலான் நோன்பு நோற்க விரும்பும் சர்க்கரை நோயாளர், ஆறு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைத்துக் கொள்ள வேண்டும். நோன்பிடையே சர்க்கரை 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ சென்றால் நோன்பை முடித்துக் கொள்வதே மருத்துவ நெறி. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளதைப் பெரியோர் எடுத்துரைத்தல் நலம்.

தொழிலும் நோயும்

நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறீர்?’ என்று கேட்க வேண்டுமென, 1700-இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி வலியுறுத்தினார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இக்கேள்வி இன்றியமையாதது. தோல் பதனிடும் குரோம் உப்பு சிலருக்குக் கையில் தீராத அரிப்பையும் வெடிப்பையும் உண்டாக்கும். கையுறையும் வேலை மாற்றமும் இன்றிக் களிம்பு மட்டும் பூசினால் அது மீண்டும் மீண்டும் வரும்.

மாணவச் செல்வங்களே! வீட்டுக்கொரு குறிப்பேடு வையுங்கள். தடுப்பூசி நாள், இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை அதில் எழுதுங்கள். மருந்துச் சீட்டைப் படிக்க இயலாத மூத்தோருக்கு அதனைப் படித்துச் சொல்லுங்கள். வள்ளுவர் சேர்த்த அந்நான்காம் கூறு நம் இல்லங்களில் கல்வி கற்ற உங்களையே எதிர்நோக்கி நிற்கிறது.