சர்க்கரை நோய் மருந்தும் உடல் எடையும்

பாகலூரிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்டு போய்வரும் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். நீரிழிவு என்று தெரிவதற்கு முன் ஆள் நன்றாக மெலிந்திருந்தார். மருந்து தொடங்கிய சில மாதங்களில் பெல்ட்டு இறுகிவிட்டது. "மாத்திரைதான் என்னை ஊத வைக்கிறது" என்று அவர் அதை நிறுத்தலாமா?

முதலில் மெலிந்தது ஏன் என்று பாருங்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால், சிறுநீரகம் மீதியைச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. நாளொன்றுக்கு 50 கிராம் போனால் 200 கலோரி நஷ்டம். தின்ற களியில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டவேயில்லை! மருந்து இந்த ஒழுக்கை அடைக்கிறது, எடை ஏறுகிறது. இன்சுலின், கொழுப்பு கரைவதையும் தடுக்கிறது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. ஷிப்டு மாறிச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து, அகோரப் பசி எடுக்கும். 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், பத்தாண்டுகளில் இன்சுலின் போட்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 4 கிலோவும், கிளிபென்கிளமைடு உண்டவர்களுக்கு 1.7 கிலோவும் கூடின.

மெட்பார்மின் அப்படியல்ல. கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதை அது குறைக்கிறது, எடையை ஏற்றுவதில்லை. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மெட்பார்மின் நோய் வரும் வாய்ப்பை 26 சதம் குறைத்தது. எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை! தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பயோகிளிட்டசோன் இன்னும் விசித்திரமானது. எடை கூடும், ஆனால் கல்லீரலில் தங்கிய கொழுப்பு குறைந்து தோலடிக்கு நகரும். உடம்பில் நீரும் கோக்கும். ஆகவே இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது.

டபாகிளிப்ளோசின் வேண்டுமென்றே சிறுநீரில் சர்க்கரையை விடுகிறது. நோயின் குணத்தையே மருந்தாக்கிய யோசனை! 2025-இல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு ஊசி பசியையே அடக்குகிறது. எடை நிறையவே இறங்கும். கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும்.

நம் ஷிப்டுக்காரர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் மெலிவார்தான். பழைய ஒழுக்கு திறந்து, தசையும் கரையும். கண்ணும் சிறுநீரகமும் கெடும். அவர் செய்யவேண்டியது, மாத்திரை அட்டையையும் ஷிப்டு நேரத்தையும் டாக்டரிடம் காட்டி, மருந்தை மாற்றலாமா என்று கேட்பதுதான். கூடவே இடுப்பையும் அளந்து கொள்ளட்டும்: நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதே எல்லை.