மாடித் தக்காளி: செடியை எண்ணும் முன் குடத்தை எண்ணுங்கள்!

மூலக்கொத்தளத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் காய்கறி என்றால் கொத்தவால் சாவடிதான். பையை எடுத்துக்கொண்டு நடந்தே போய், பேரம் பேசி, பை நிறைய வாங்கி வந்துவிடலாம். 1996-ல் மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு அந்த வசதி போய்விட்டது. இப்போது தெருமுனைக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் வரும் தக்காளி ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தோ, கர்நாடகத்தின் கோலாரிலிருந்தோ லாரி ஏறி, கோயம்பேட்டில் இறங்கி, மறுபடி வண்டி ஏறி வருகிறது. வழியில் எங்கே மழை பெய்தாலும் இங்கே விலை ஏறும்.

2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மறுபடியும் அதே கதை. அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியதாயிற்று. ரசத்துக்கு ஒன்றே ஒன்று போட்டு, மீதிப் புளிப்புக்குப் புளியைக் கரைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ!

இப்படி விலை ஏறும்போதெல்லாம் வட சென்னையின் மொட்டை மாடிகளில் பழைய பெயிண்ட் வாளிகளும் உடைந்த பிளாஸ்டிக் குடங்களும் தொட்டிகளாகிவிடும். அழுகிய பழத்தைப் பிழிந்துவிட்டால் நாற்று முளைத்துவிடும். முளைத்ததைப் பிடுங்கிப் போட யாருக்கும் மனசு வராது. ஒரு வாளியில் நாலு, ஒரு குடத்தில் மூன்று என்று எல்லாவற்றையும் வைத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் மாடி பச்சைப் பசேல் என்று காடு மாதிரி இருக்கும். ஆனால், பழம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விதையிலோ கைராசியிலோ குறை இல்லை. குறை இருப்பது இடைவெளியில்.

நெருக்கி வைத்தால் என்ன ஆகும்?

ரயில் பெட்டியில் நெருக்கி நின்றால் மனிதருக்கு எப்படி மூச்சு முட்டுமோ, செடிக்கும் அப்படித்தான். முதலில், வெயிலுக்குப் போட்டி. பக்கத்துச் செடி மறைப்பதால் ஒவ்வொன்றும் மேலே மேலே நீளும். தண்டு மெலியும். பூவுக்கும் காய்க்கும் போக வேண்டிய சத்து, உயரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, வேர். மண்ணுக்கு மேலே தெரியும் நெருக்கடியைவிடக் கீழே நடக்கும் நெருக்கடி மோசம். வயலில் வேர் பக்கவாட்டில் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். வாளிக்குள் எங்கே ஓடும்? இருக்கிற கொஞ்சம் மண்ணில் இருக்கிற ஈரத்தை நாலு செடி பங்கு போட்டால், காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். செடி வாடும், மறுபடி ஊற்றுவோம், மறுபடி வாடும். இப்படிக் காய்ந்தும் நனைந்தும் மாறி மாறி இருந்தால் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராது. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

மூன்றாவது, காற்று. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரப்பதம் உண்டு. இலையோடு இலை ஒட்டி இருந்தால் பனியும் மழையும் சீக்கிரம் காயாது. இலையில் பழுப்பு வளையங்களாகத் தொடங்கிப் பரவும் இலைக்கருகல் நோய்க்கு அந்த ஈரமே வரவேற்பு. இலைச் சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ, அடர்ந்த இலைகளுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் பெருகும்.

வயல் கணக்கு, மாடிக் கணக்கு

தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த ரகம் பி.கே.எம். 1. தேனி பக்கத்து அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்டது இது. அதிக உயரம் போகாமல் புதர் போல நிற்கும் குட்டை ரகம். இதை வயலில் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விட்டு நடுகிறார்கள். அடிக் கணக்கில் இரண்டுக்கு ஒன்றரை. அப்படி நட்டால் ஒரு ஏக்கரில் சுமார் 15,000 செடிகள் நிற்கும். ஏக்கருக்கு 15 டன் நல்ல விளைச்சல் என்று வைத்துக்கொண்டால், செடிக்கு ஒரு கிலோ.

மாடியில் இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம். கூடவே இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு பைக்கு ஒரு செடிதான். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பை குட்டை ரகத்துக்குப் போதும். கடையில் 'பெங்களூர் தக்காளி' என்று விற்கும் ஹைபிரிட் வகைகளிலும் செர்ரி தக்காளியிலும் பல கொடி மாதிரி உயர்ந்துகொண்டே போகும். அவற்றுக்கு ஒன்றேகால் அடிக்குக் குறையாத பை வேண்டும். இலைக் கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளி, ஒரே தண்டாகக் கயிற்றில் ஏற்றினால் அவற்றுக்கும் ஒன்றரை அடி இடைவெளி போதும். கிள்ளாமல் விட்டால் இரண்டரை அடி கேட்கும்.

கோலம் போடத் தெரிந்தால் போதும்

வரிசையை எப்படி அமைப்பது? கோலத்தில் நேர்ப்புள்ளி, இடைப்புள்ளி என்று இரண்டு உண்டல்லவா? தக்காளிக்கு இடைப்புள்ளிதான் சரி. முதல் வரிசையில் இரண்டு செடிக்கு நடுவே உள்ள சந்துக்கு எதிரே இரண்டாவது வரிசைச் செடி வர வேண்டும். இதனால் எதிரெதிர்ச் செடிகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாது. அதே இடத்தில் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும்.

மாடியில் 10 அடிக்கு 10 அடி வெயில் படும் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோலமாவை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரை அடியில் முதல் கோடு. அதிலிருந்து இரண்டடி தள்ளி இரண்டாவது. நடுவே மூன்றடி விட்டு மூன்றாவது. அதிலிருந்து இரண்டடியில் நான்காவது. முதல் கோட்டிலும் மூன்றாவதிலும் ஒன்றரை அடிக்கு ஒரு புள்ளியாக ஏழு. இரண்டிலும் நான்கிலும் இடைப்புள்ளியாக ஆறு. மொத்தம் 26 பைகள். பையின் அகலம் போக, நடுவில் இரண்டடிப் பாதை மிஞ்சும். உட்கார்ந்து களை பறிக்கவும், பூச்சி பார்க்கவும், பழம் பறிக்கவும் அந்தப் பாதை அவசியம். கை எட்டாத செடியை யாரும் கவனிப்பதில்லை. நோய் முதலில் அங்கிருந்துதான் கிளம்பும்.

வரிசைகள் வடக்கு தெற்காக ஓடட்டும். காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறு பக்கமும் கிடைக்கும். இன்னொன்று: மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மூன்றரை அடி உயரமுள்ள தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழல், உச்சி வேளையிலேயே இரண்டரை அடிக்கு விழும். சின்ன நாற்றை அந்தச் சுவரடியில் வைத்தால் ஏங்கிப்போகும். அந்த இடத்தைப் புதினாவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

குடம் எத்தனை?

26 பை என்றதும் ஆசை வரும். வட சென்னையில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தண்ணீரை மாடிக்குத் தூக்குவது யார்?

காய்க்கும் பருவத்தில், நல்ல வெயிலில், ஒரு பைக்குத் தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் தேவை. 26 பைக்கு 39 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட மூன்று குடம். மாடியில் குழாய் இல்லாத வீட்டில், லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பிடித்ததில், தினமும் மூன்று குடத்தைப் படியேற்ற வேண்டும். ஒரு வாரம் செய்யலாம். மூன்று மாதம்? தண்ணீர் தவறிய நாளில் பூ கொட்டும். அதோடு ஆர்வமும் கொட்டிவிடும்.

ஆகவே, கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். தினமும் ஒன்றேகால் குடம் தூக்க முடியுமா? 12 பை வைக்கலாம். ஆறு ஆறாக இரண்டு இடைப்புள்ளி வரிசை; ஒன்பதரை அடி நீளம், மூன்றடி அகலம் போதும். சுற்றிலும் நடக்க மட்டும் இடம் விடுங்கள். நன்றாக வளர்ந்த செடி ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை தரும். 12 செடியில் 12 முதல் 18 கிலோ. ஆறு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு இரண்டு, மூன்று கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அரைகுறையாகத் தண்ணீர் குடித்த 40 செடி இதைத் தராது.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்தால் அரைக் குடமாவது மிச்சம். உப்பு போட்ட தண்ணீர், சோப்புத் தண்ணீர் கூடாது. வாட்டர் பியூரிஃபையரிலிருந்து வெளியேறும் கழிவு நீரிலும் உப்பு கூடுதல், வேண்டாம். கடலோரத்து போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதையே தொடர்ந்து ஊற்றக் கூடாது. பையில் உப்பு படிந்து இலை ஓரம் கருகும். மழை பெய்யும்போது பைகளை நன்றாக நனையவிட்டால் அந்த உப்பு கழுவிக்கொண்டு போகும்.

மண் கனம், மாடி பலம்

அடைத்துவைப்பதில் இன்னொரு ஆபத்து கனம். ஓரடிப் பையில் 20 லிட்டர் அளவுக்கு மண் பிடிக்கும். முழுக்க மண்ணாக நிரப்பி நனைத்தால் ஒவ்வொன்றும் 30 கிலோவைத் தொடும். தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் பெருமளவு, மண் கொஞ்சம் என்று கலந்தால் கனம் பாதியாகும். தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் பைகளோடு தென்னை நார்க்கழிவும் இருந்தது இதனால்தான்.

பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் நீர் தேங்காது. எல்லாவற்றையும் மாடி நடுவில் குவிக்காமல் பரப்பி வையுங்கள். பழைய கட்டடம், ஒழுகும் தளம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். ரயில் பாதை ஓரத்திலோ, பழைய கிடங்கு, பட்டறை இருந்த இடத்திலோ மண் அள்ளாதீர்கள். எண்ணெயும் உலோகத் தூளும் கலந்திருக்கக்கூடும். சாப்பிடும் பொருளுக்கு அந்த மண் ஆகாது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பு என்றால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு, துணி காயப்போடும் கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வழிவிட்டு வையுங்கள். நடைவழியிலும் மாடிப்படியிலும் கூடவே கூடாது. அவசரத்துக்கு ஓடவேண்டிய பாதை அது. பால்கனி மட்டும்தான் இருக்கிறதா? ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் ஒரே வரிசையில் நாலு பை வைத்து, கயிற்றில் ஏற்றலாம். வெயில் இல்லையென்றால் தக்காளியை விட்டுவிட்டு வல்லாரை, புதினா போடுங்கள்.

எப்போது நடலாம்?

சென்னைக் கோடையில் தக்காளி பூக்கும். ஆனால் காய் பிடிக்காது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் பூ உதிர்ந்துவிடும். நவம்பரில் மழை படாத இடத்தில் விதைத்து, 25 நாள் நாற்றை டிசம்பரில் பைக்கு மாற்றினால், பூக்கும் காலம் தையின் இதமான குளிரில் அமையும். பிப்ரவரியில் பழம் பறிக்கத் தொடங்கலாம். நாற்றைக் கொஞ்சம் ஆழமாக, தண்டும் மண்ணில் புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். நட்ட அன்றே சவுக்குக் குச்சி ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

டிசம்பர் புயலுக்கும் பயப்பட வேண்டும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் வந்து வட சென்னையைப் புரட்டிப்போட்டது மறந்திருக்காது. அந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவரோரமாக ஒன்றோடொன்று நெருக்கி, கயிறு கட்டிவிடுங்கள். வயல்காரருக்கு இல்லாத வசதி இது. காற்று ஓய்ந்ததும் மறக்காமல் பழையபடி கோட்டில் பரப்பிவிடுங்கள்.

முதல் ஒரு மாதம் செடிகளுக்கு நடுவே வெற்றிடம் கண்ணை உறுத்தும். இன்னும் நாலு நாற்று வைத்தால் என்ன என்று கை பரபரக்கும். வைக்காதீர்கள். வேண்டுமானால் சின்னத் தட்டில் கொத்தமல்லி தூவி அந்தச் சந்தில் வையுங்கள். தக்காளி கிளை விரிக்கும் நேரத்தில் அது ரசத்துக்குப் போயிருக்கும். அறுபதாம் நாள் மாடிக்கு ஏறிப் பாருங்கள். விட்ட இடம் முழுவதையும் இலை நிரப்பியிருக்கும். நடுவில் புகுந்து காற்று ஓடும்போது பூங்கொத்துகள் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கிறது.