முதலில் வேக்காடு, பிறகு பாகு

ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அது கோடைக்காலம். பல குடும்பங்கள் வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அந்த விருந்தில் பாகில் வெந்த பீன்ஸும் இருக்கும்.

இது பச்சைக் காய் அல்ல. காய்ந்த வெள்ளை பீன்ஸ் விதை. முதல் நாள் இரவே ஊற வைப்பார்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிடுவார்கள். புதிய நீரில் மெத்தென்று வேக வைப்பார்கள். பிறகு கருத்த கரும்புப் பாகு, வெங்காயம், கடுகுத்தூள் சேர்ப்பார்கள். புகையில் பதமாக்கிய பன்றி இறைச்சியும் சேரும். புகை மணம் அதிலிருந்து வருகிறது. பானையை மூடி, இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள்.

பாகை முதலிலேயே ஊற்றினால் என்ன ஆகும்? விதை எளிதில் வேகாது. வேகாத பீன்ஸ் விதையில் நச்சு உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

நம் கடைகளில் விற்கும் சிவப்பு ராஜ்மாவில் இந்த நச்சு இன்னும் அதிகம். இளஞ்சூடு மட்டும் போதாது. ராஜ்மாவை இரவு முழுவதும் ஊற வையுங்கள். நீரை மாற்றுங்கள். 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மெத்தென்று வெந்த பிறகே தக்காளி, புளி, வெல்லம் சேருங்கள்.

நன்றாக வெந்தால் உணவு. வேகாவிட்டால் நஞ்சு.