இணைப்பை மாற்றுமுன் இல்லத்தாரைக் கேளுங்கள்

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் உள்ள அணுபுரத்தில் நமக்கு நன்கு அறிமுகமான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. குடும்பத் தலைவர் அணுசக்தித் துறையில் பணிபுரிபவர். உடன் வாழும் அவருடைய தாயார் எண்பது வயதைக் கடந்தவர். மூத்த மகள் துறவற சபையில் சேர்ந்து, வடநாட்டு மறைபரப்புத் தளமொன்றில் தொண்டாற்றி வருகிறார். ஞாயிறுதோறும் மாலைச் செபமாலை முடிந்த வேளையில் அந்த அருட்சகோதரி வீட்டுத் தொலைபேசியில் தாயாரை அழைத்துப் பேசுவார். பல ஆண்டுகளாகத் தவறாத வழக்கம் அது.

அந்த வீட்டில் இணைய இணைப்பும் அதே தொலைபேசிக் கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. வேகம் போதவில்லை என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். வேறொரு நிறுவனத்தின் முகவர் ஒருவர் வந்து, ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைப்பைக் குறைந்த கட்டணத்தில் தருவதாகச் சொன்னார். இரண்டே நாளில் புதிய இணைப்பு வந்தது. அன்றே பழையதைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார் மகன். அத்துடன் 044 எனத் தொடங்கும் அந்தப் பழைய எண்ணும் போயிற்று. அதைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அடுத்த ஞாயிறு தொலைபேசி மணி ஒலிக்கவில்லை. “மகளுக்கு உடல் நலமில்லையோ?” என்று தாயார் இரவெல்லாம் கலங்கினார். அங்கே சகோதரியோ தாயாருக்கு என்ன நேர்ந்ததோ என்று தவித்துக்கொண்டிருந்தார். தம்பியின் கைப்பேசிக்கு அழைத்தும் விடையில்லை. அன்று அவருக்குப் பணிமுறை. கைப்பேசியைப் பணியிடத்திற்குள் எடுத்துச் செல்ல இயலாது. பிறகு சகோதரி பங்குத் தந்தையைத் தொடர்புகொண்டு விசாரித்த பின்னரே இரு பக்கமும் அமைதி உண்டாயிற்று.

மகன் செய்தது தவறு என்று நாம் கூறவில்லை. மாற்றத்திற்குத் தக்க காரணம் இருந்தது. செப்புக் கம்பி வழியே வரும் இணையத்தின் வேகம், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்குக் குறையும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று கம்பியின் இணைப்பு முனைகளை அரித்துவிடுவது வேறு. மழை பெய்தால் தொலைபேசியில் இரைச்சல் கேட்பதைச் சதுரங்கப்பட்டினத்திலும் மாமல்லபுரத்திலும் பலர் அறிந்திருப்பர். கண்ணாடி இழையில் செல்வது ஒளி; அதற்கு அரிப்பு இல்லை, சில கிலோமீட்டர் தொலைவால் வேகமும் குன்றாது. 2004ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வேகமிருந்தாலே அது அகலக்கற்றை இணைப்பு. 2023இல் அந்தக் குறைந்த அளவு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. காலத்தின் தேவை அப்படி வளர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடியிருந்தபோது நம் இல்லங்களுக்குத் திருப்பலி வந்ததும் இவ்வழியேதான் அல்லவா?

ஆயினும் முகவர்கள் தாமாகச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து அதே கம்பியில் வந்தது. ஆதலால் வீட்டில் விளக்கு அணைந்தாலும் அது பேசும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டிலுள்ள மோடத்திற்கு மின்சாரம் இல்லையெனில் இணையத்தோடு தொலைபேசியும் ஊமையாகிவிடும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய இரவில், முதியவரோ நோயாளியோ உள்ள வீட்டில் தொலைபேசி பேச வேண்டும். மோடத்திற்கென்றே சிறிய மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை சில மணி நேரம் தாங்கும். மோடத்தின் மின்னழுத்தத்தைப் பார்த்து அதற்கேற்றதை வாங்க வேண்டும். தெருவில் உள்ள நிறுவனத்துக் கருவிக்கும் மின்சாரம் இருந்தால்தான் இது பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியை மின்னேற்றி வைத்திருப்பது ஆகையால் எப்போதும் நல்லது.

எண்ணைப் பற்றியும் ஒரு சொல். நிறுவனம் மாறினாலும் கைப்பேசி எண் மாறாதிருக்கும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உள்ளது. வீட்டுத் தொலைபேசிக்கு அவ்வசதி கிடையாது. இருக்கும் நிறுவனத்திலேயே செப்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு மாறினால் பழைய எண் நிலைக்குமா என்று முதலில் கேட்பது தகும். இல்லையெனில், புது எண்ணை உற்றார் உறவினர் அனைவருக்கும் எழுதியறிவித்து, ஒரு மாதமாவது இரண்டு இணைப்புகளையும் வைத்திருக்கலாம். ஒரு மாதக் கட்டணம் வீண் என்று தோன்றும். அந்தத் தாயார் விழித்திருந்த இரவை நினைத்தால் எமக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. விளம்பரத்தில் காணும் தொகையோடு பெரும்பாலும் 18 விழுக்காடு வரி சேரும். 100 மெகாபிட் என்றால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். பெயர் ஒற்றுமையில் மயங்க வேண்டாம். பக்கத்து வீட்டில் அதே இணைப்பு இருந்தால், மாலை ஏழு மணிக்கு மேல் அது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்வதால் நெரிசல் அப்போதுதான் தெரியும்.

பழைய இணைப்பை முடிக்கும் வேளையில் நம் குடும்பத்தார் இன்னொரு தொல்லைக்கும் ஆளாயினர். வாய்மொழியாகச் சொன்னதோடு விட்டதால், கம்பி துண்டிக்கப்பட்ட பின்னும் இரு மாதங்களுக்குப் பில் வந்தது. வைப்புத் தொகையும் திரும்பவில்லை. பிறகு மருமகள்தான் பொறுப்பேற்றார். கடிதம் எழுதி, மோடத்தை ஒப்படைத்து, அதற்கு ரசீது வாங்கினார். முறையீட்டுக்கு எண் ஒன்று தருவார்கள், அதைக் குறித்துக்கொண்டார். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் முறையீட்டிற்குத் தக்க விடை கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்திலேயே உள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவ்வாறு எழுதப் போவதாக அறிவித்ததுமே பில்கள் விலக்கப்பட்டன. தொகையும் வந்து சேர்ந்தது.

இப்போது அந்த வீட்டில் மோடத்திற்கு மின்கலப் பெட்டி உண்டு. புதிய இணைப்போடு வந்த தொலைபேசி, தாயாரின் கட்டிலருகே வைக்கப்பட்டிருக்கிறது. திரு இருதயப் படத்தின் கீழ் தொங்கும் நாட்காட்டியில் புது எண்ணைப் பேத்தி பெரிய எழுத்தில் எழ்தி வைத்திருக்கிறாள். சகோதரி விடுமுறைக்கு வந்தபோது, தாயார் அதைப் பார்க்காமலேயே ஒப்புவித்துக் காட்டினாராம். கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இடம் மாறிவிட்டன.