சமனற்ற பாரமும் சமன்செய்யும் வில்லும்

மாலை வேளையில் வெள்ளவத்தைக் காலி வீதியோரத்தில் நிற்பவர், பயணிகள் நெருங்கியிருக்கும் பஸ்கள் இடப்பக்கமாகச் சரிந்து செல்வதைக் காண்பர். வாயில் இடப்புறத்தே அமைந்திருத்தலின், மிதிபலகையிலும் அதனை அடுத்தும் மக்கள் செறிந்து நிற்கின்றனர். அதனால் அப்பக்கத்து ஸ்பிரிங் மிகுதியாக அமிழ, வண்டி சரிகின்றது. இடப்பக்கத்து ஸ்பிரிங்கை வலிதாக்கினால் குறை தீருமே எனக் காண்போர் எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துத் தீங்கு விளைக்கும் என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

ஸ்பிரிங் எனப் பொதுவழக்கில் கூறப்படுவதைப் பௌதிக நூலார் வில் என்பர். லொறிகளிலும் இழுவைப் பெட்டிகளிலும் பெரும்பாலும் காணப்படுவது, உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய தகட்டுவில் ஆகும். மீள்தன்மையின் எல்லையைக் கடவாதவரை, வில்லின் அமிழ்ச்சி அதன்மேல் ஏற்றப்படும் பாரத்திற்கு நேர்விகிதமாக இருக்கும். இவ்வுண்மையை இங்கிலாந்து நாட்டு அறிஞர் றொபேட் ஊக் 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். வில்லை ஒரு சதமமீற்றர் அமிழ்த்துவதற்கு வேண்டும் பாரமே அதன் விறைப்பின் அளவாகும்.

கோயில் ஊர்வலத்திற்கு ஒளியூட்டும் மின்பிறப்பாக்கியை ஏற்றிய, இரு சில்லுகளையுடைய இழுவைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. கொளுக்கியில் தங்கும் பாரமும் அச்சு, சில்லுகளின் பாரமும் நீங்கலாக, இரு விற்களும் தாங்குவது 1,000 கிலோ என்க. விற்களுக்கு இடையேயுள்ள தூரம் 100 சதமமீற்றர். அப்பாரத்துள் 250 கிலோ நிறையுள்ள மின்பிறப்பாக்கி, நடுக்கோட்டிலிருந்து 40 சதமமீற்றர் இடப்புறம் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. எஞ்சிய 750 கிலோவும் நடுவே சமனாக அமைந்துள்ளது. திருப்பங்களைக் கணித்தால், இடவில்லுக்கு 600 கிலோவும் வலவில்லுக்கு 400 கிலோவும் சேர்வது புலனாகும். இரு விற்களின் விறைப்பும் சதமமீற்றருக்கு 100 கிலோ எனின், இடவில் 6 சதமமீற்றரும் வலவில் 4 சதமமீற்றரும் அமிழும். பெட்டி இடப்புறம் சரிந்து நிற்கும்.

இதற்கு முதன்மையான பரிகாரம் வில்லில் இல்லை. பாரத்தை வைக்கும் இடத்திலேயே உள்ளது. காவுதடியின் ஒரு முனையிற் பாரம் மிகுந்தால், சுமப்பவன் தடியை மாற்றுவதில்லை. தோளைப் பாரமான முனைக்கு அண்மையில் வைக்கிறான். அவ்வாறே மின்பிறப்பாக்கியை நடுக்கோட்டிற்கு நகர்த்தினால், இருபுறமும் 500 கிலோவாகச் சமன்படும். செலவுமில்லை, தீங்குமில்லை.

நகர்த்த இயலாதவாறு அது நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பின், விற்களைப் பாரத்திற்கு ஏற்ப அமைக்கலாம். பாரங்கள் 3க்கு 2 என்ற விகிதத்தில் இருத்தலின், விறைப்புகளும் அதே விகிதத்தில் அமைதல் வேண்டும். இடவில்லின் விறைப்பு 120, வலவில்லின் விறைப்பு 80 எனின், இரண்டும் 5 சதமமீற்றரே அமிழும். பெட்டி மட்டமாக நிற்கும். வழியிற் குலுங்கும்போது இருபக்கமும் ஏறத்தாழ ஒரே கால அளவில் அலைதலும் இம்முறையின் நன்மையாம். வில்லுக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்து உயர்த்தினாலும் பெட்டி மட்டமாகும்; ஆனால் விறைப்பு மாறாமையின் இந்நன்மை கிட்டாது. ஒரே அளவான தகடுகளாலாகிய வில்லின் விறைப்பு, தகடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து உயரும். தகட்டின் தடிப்போ அதனினும் வலியது: தடிப்பு இருமடங்கானால் விறைப்பு எண்மடங்காகும். ஆதலின் கண்மதிப்பால் தடித்த தகட்டைச் செருகுதல் தகாது.

இனி, மின்பிறப்பாக்கியை இறக்கிவிட்டால் நிகழ்வது யாது? எஞ்சிய 750 கிலோ இருபுறமும் 375 ஆகப் பிரியும். வலிய இடவில் 3.1 சதமமீற்றர் அளவும், மெலிந்த வலவில் 4.7 சதமமீற்றர் அளவும் அமிழும். முன்பு இடப்புறம் சரிந்த பெட்டி இப்போது வலப்புறம் சரியும். ஆகவே, வேறுபட்ட விற்கள் என்றும் நீங்காத பாரத்திற்கே உரியன. பயணிகளோ ஏறுவர், இறங்குவர், இடம்மாறுவர். பஸ்ஸின் இடவில்லை மாத்திரம் வலிதாக்கினால், கூட்டம் இறங்கியபின் அது மறுபக்கம் சாயும். அங்கு வேண்டுவது மக்களை மிதிபலகையிலிருந்து உள்ளே அனுப்புதலே.

இவை அனைத்தினும் உள்ளத்திற் பதிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. வில்லை மாற்றியதனாற் பெட்டி மட்டமாயிற்றேயன்றிப் பாரம் சமனாகவில்லை. இடவில்லின் மீது அதே 600 கிலோவும், வலவில்லின் மீது அதே 400 கிலோவும் இன்றும் தங்குகின்றன. இடப்பக்க ரயரும், சில்லைத் தாங்கும் போல்களும் முன்போலவே மிகுதியாகத் தேயும். தடையைக் கடுமையாக அழுத்தும்போது, பாரம் குறைந்த வலச்சில்லு முந்திப் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன்னர், சரிவு அனைவரும் காணும் எச்சரிக்கையாக இருந்தது. இப்போது அவ்வெச்சரிக்கையும் மறைந்துவிட்டது. மட்டமாகத் தோன்றும் வண்டியில் இன்னுஞ் சிறிது பாரம் ஏற்றலாம் என்ற துணிவு பிறப்பதும் இதனாலேயே.

ஆதலின், வில்லைத் தொடுமுன் ஒவ்வொரு சில்லும் தாங்கும் பாரத்தைத் தனித்தனியே நிறுத்தறிதல் வேண்டும். அளக்கும் நிலமும் மட்டமானதாக இருத்தல் வேண்டும். மழைநீர் வடிவதற்காக வீதிகளின் நடுப்பாகம் உயர்த்தியும் ஓரங்கள் தாழ்த்தியும் அமைக்கப்படுவதனால், இடப்புற ஓரத்தில் நிறுத்திய வண்டி குறையின்றியும் சற்றே சாய்ந்து தோன்றும். அச்சாய்வை வில்லின் குற்றமெனக் கொள்ளலாகாது.

நிறுத்தறிதல், பாரத்தை நகர்த்துதல், அஃது இயலாவிடத்து வில்லைப் பொருத்துதல் என்பதே முறையான வரிசை. அவ்வரிசையை மாற்றி, கண்ணுக்குத் தோன்றும் சரிவை மாத்திரம் திருத்துவோர் நோயை விடுத்து அதன் குறியை மறைப்பவராவர். அதன் விளைவை வண்டியில் ஏறியோர் மாத்திரமன்றி, வீதியோரத்தில் நடந்து செல்வோரும் அனுபவிக்க நேரும்.