மணலும் உப்பும் தேர்ந்தெடுக்கும் தரை

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் ஒரு வீட்டுத் தரையின் தரத்தைக் காட்டுவது கடை விளக்கின் கீழ் தெரியும் பளபளப்பு அல்ல. காலோடு வீட்டுக்குள் வரும் மணல். கலங்கரை விளக்கப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்தாலும், சிவந்த தேரி மேட்டிலிருந்து இறங்கி வந்தாலும், கரையில் வலையை உதறிவிட்டு வந்தாலும் பாதத்தில் சிறிது மண் ஒட்டியே இருக்கும். வாசலில் கால் கழுவுகிற வீட்டிலும் மாலைக்குள் முன்னறையில் மணல் நெறுநெறுக்கும்.

இந்த மணல் சாதாரணமானதும் அல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் கடற்கரை மணலின் குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் இருக்கிறது. முட்டத்தை அடுத்த கடியப்பட்டினத்தைத் தாண்டினால் வரும் மணவாளக்குறிச்சியில், ஐ.ஆர்.இ.எல். ஆலை கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறது. இவற்றில் கார்னெட்டும் சிர்க்கானும் குவார்ட்ஸை விடவும் கடினமானவை. எதிர்ப்பக்கம் பளிங்குக் கல் 3ஆம் படியில் நிற்கிறது. கிரானைட்டின் பெரும்பகுதியான ஃபெல்ட்ஸ்பார் 6. வாரியல் எடுத்துப் பெருக்கும் ஒவ்வொரு முறையும் கடினமான துகள் மென்மையான பரப்பைத் தேய்க்கிறது. பளிங்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் நடைபாதைப் பட்டையாக மங்குவதற்குக் காரணம் அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீங்கான் டைல்ஸின் மேற்பூச்சுக்கு வெண்மை தர அரைத்த சிர்க்கானைத்தான் சேர்க்கிறார்கள். டைல்ஸை வெளுப்பாக்குவதும் அதைக் கீறுவதும் ஒரே இனத்துத் தாது.

அடுத்தது உப்பும் ஈரமும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. மழை இல்லாத நாளிலும் கடற்காற்று உப்புத் துகளைக் கொண்டுவந்து தரையில் படிய வைக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பளபளப்பான தரையில் ஒரு பிசுபிசுப்பு தங்கிவிடும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் குளிர்ந்த தரை வேர்ப்பதும் இதோடு சேரும். மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் சிமெண்டில் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்தால் தரையிலும் சுவரடியிலும் வெள்ளையாக உப்புப் பூக்கும். சரியாகக் கழுவாத கடல் மணலைக் கலவையில் சேர்த்த வீடுகளில் இது இன்னும் மோசம். அத்தகைய தரையின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த கல்லைப் பதித்தாலும் உப்பு இணைப்புகள் வழியே வெளியே வந்துவிடும். தரைத்தளத்தில் சாந்து போடுமுன் கனமான பாலித்தீன் விரிப்போ ஈரத்தடுப்புப் பூச்சோ இடுவது டைல்ஸ் தேர்வுக்கு முந்தைய வேலை.

இந்தப் பகுதியின் பழைய தரைகள் இக்கேள்விகளுக்குத் தங்கள் வழியில் விடை கண்டவை. தக்கலைக்கு அருகே 1601இல் கட்டத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவாக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர அரண்மனையாக இருந்தது. அங்கே மந்திரசாலை முதலிய இடங்களில் உள்ள கருந்தரை இன்றும் முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்குகிறது. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு ஆகியவை சேர்ந்த கலவை என்று அதைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பார்வையாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தரை இத்தனை காலம் நின்றதில் கலவைக்கு எவ்வளவு பங்கோ வெறுங்காலுக்கும் அவ்வளவு பங்கு. வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது அதன் ஒழுங்கையும்தான். கூரை, தூண், சாளரம் என எல்லாம் மரவேலையால் நிறைந்திருக்க, தரை மட்டும் ஒரே நிறத்தில் அமைதியாகக் கிடக்கிறது. அலங்காரம் மேலே இருக்கும் இடத்தில் கீழே அலங்காரம் வேண்டியதில்லை என்பது அன்றைய தச்சர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அரண்மனைக்கு வெளியே, சாதாரண வீடுகளில் சாணம் மெழுகிய மண் தரைக்குப் பிறகு வந்தது சிவப்பு ஆக்சைடு தரை. அதன் நிறமி இரும்பு ஆக்சைடு. முட்டத்துத் தேரி மண்ணைச் சிவப்பாக்குவதும் அதுவே. எனவே காலில் வரும் செம்மண் அந்தத் தரையில் அழுக்காகத் தெரிவதில்லை. வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைக்க வைக்கும் அதே மண், ஆக்சைடு தரையில் பெருக்கிப் போனால் தீர்ந்தது. இதன் சூட்சுமம் கையில் இருக்கிறது. சிமெண்ட் தளம் இறுகுவதற்குள் நிறமி கலந்த சிமெண்டை மேலே தூவி, கரணையால் ஒரே மூச்சில் இழுத்துத் தேய்க்க வேண்டும். ஒரு அறையை இன்று பாதியும் நாளை பாதியுமாக முடித்தால் நிறம் இரண்டாகும். பல நாள் தண்ணீர் கட்டி வைத்து, காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெருகேற்றுவது வழக்கம். பெரிய பரப்பாக விட்டால் விரிசல் விழும் என்பதால் கண்ணாடிப் பட்டையோ பித்தளைப் பட்டையோ வைத்துக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால், கடற்கரை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தரை குறைவு. கிடைக்காவிட்டால் முயலாமல் இருப்பது நல்லது. கெட்டுப்போன ஆக்சைடு தரையைச் சரிசெய்ய முடியாது, மூடத்தான் முடியும்.

ஆக்சைடின் உறவுக்காரர் ஆத்தங்குடி கல். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் கலவை நிரப்பிச் செய்யப்படுவது அது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். காலால் நடக்க நடக்க மெருகு கூடும். ஆனால் சிமெண்ட் என்பதால் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு அரித்துவிடும். முன்னறைக்கும் பூஜை அறைக்கும் அழகு, அடுக்களைக்கு ஆகாது.

இன்று பெரும்பாலோர் போவது டைல்ஸ் கடைக்கு. அங்கே முதலில் கேட்க வேண்டியது நீர் உறிஞ்சும் அளவு. விட்ரிஃபைட் வகை தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சுவருக்கான பீங்கான் டைல்ஸ் 10 விழுக்காட்டுக்கு மேலும் உறிஞ்சும். சுவர் டைல்ஸ் மலிவாக இருக்கிறதே என்று தரையில் போட்டால் உடையும், கறை ஏறும். விட்ரிஃபைடிலும் உட்பிரிவுகள் உண்டு. ஃபுல் பாடி என்றால் மேலிருந்து அடிவரை ஒரே நிறம். டபுள் சார்ஜ் என்றால் மேலே சில மில்லிமீட்டருக்கு நிற அடுக்கு. ஜி.வி.டி. என்றால் மேலே அச்சிட்ட படமும் அதன்மேல் பூச்சும். பளிங்கு, மரம், கல் என எதன் உருவத்தையும் ஜி.வி.டி.யில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் மணல் கீறிப் பூச்சு தேய்ந்தால் அடியில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். வாசலை ஒட்டிய இடத்துக்கு ஃபுல் பாடி போதும், கண்ணாடி போல் மின்னும் பாலிஷ் வகையை உள்ளறைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வழுக்காமைக்கு ஜெர்மானியத் தர அளவை ஒன்று உலகெங்கும் புழங்குகிறது. எண்ணெய் தடவிய சரிவில் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்து ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் இடுவார்கள். எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். அந்தச் சோதனை காலணி அணிந்து நடப்பது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகைப்பாடு உண்டு. குளியலறைக்குக் கேட்க வேண்டியது இதையே. பெட்டியின் மேல் இரண்டும் இல்லாவிட்டால், ஒரு மாதிரித் துண்டில் தண்ணீரும் சோப்பும் ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்குள் வெளியிலிருந்து நடந்து வரலாம். படிக்கும் படிப்புரைக்கும் சொரசொரப்பான கிரானைட் நிற்கும். நெருப்பால் வாட்டி மேற்பரப்பைப் பொரிய வைத்த வகை மழைச்சாரலிலும் கால் பிடிக்கும். படியின் விளிம்பில் பாலிஷ் கல் வைப்பது அழகுக்காகத் தரும் விலை. ஐப்பசி மழையில் அதன் பலன் தெரியும். வாசலுக்கு வெளியே மணல் உதிர இரண்டு அடிக்காவது கரடான பரப்பும் மிதியடியும் இருந்தால் உள்தரையின் ஆயுள் கூடும்.

முன்னறை, சாப்பாட்டு இடம், படுக்கையறைகள் ஆகியவற்றுக்கு ஒரே டைல்ஸ். வீட்டின் ஒருமை பெரும்பாலும் இந்த ஒரு முடிவில் அடங்கிவிடுகிறது. ஆயிரம் சதுர அடி வீட்டில் அறைக்கு ஒரு நிறம் போட்டால் ஒவ்வோர் அறையும் சுருங்கித் தெரியும். ஒரே தரை நிலைப்படிகளைத் தாண்டி ஓடினால் கண் தடையில்லாமல் போகும், வீடு பெரிதாகத் தோன்றும். குழந்தைகள் அறைக்கு மட்டும் நீலம், மாமியார் அறைக்கு மட்டும் மர உருவம் என்று பிரிப்பவர்கள், ஐந்து ஆண்டில் அறையின் ஆள் மாறினாலும் தரை மாறாது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. தனித்தன்மையைச் சுவர்ப்பூச்சிலும் திரைச்சீலையிலும் பாயிலும் காட்டலாம்; அவை மாற்றக்கூடியவை.

உண்மையான மரத் தரையையும் லாமினேட்டையும் இங்கே மறந்துவிடலாம். லாமினேட்டின் அடிப்பலகை ஈரம் குடித்தால் உப்பும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் நடந்ததுபோல் காற்றில் கூரை பிய்ந்து மழை உள்ளே இறங்கினால் அதை உரித்தெடுப்பதே மிச்சம்.

அடுக்களையில் நிறம் மாறத் தேவையில்லை, பரப்பு மாறினால் போதும். முன்னறையின் அதே குடும்ப நிறத்தில் மேட் டைல்ஸ், அதன் இணைப்புகளில் சிமெண்டுக்குப் பதில் எபாக்சி. மீன் கழுவிய நீரும் தேங்காய் எண்ணெயும் சிமெண்ட் இணைப்பில் இறங்கினால் நாற்றம் அங்கேயே தங்கும். பளிங்கும் கடப்பைக் கல்லும் இங்கே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் சிந்திய இடத்தில் பளிங்கு மங்கும், கடப்பையின் கறுப்பு வெளிறும்.

குளியலறையில் ஓர் அடிக்கு ஓர் அடி அல்லது அதனினும் சிறிய டைல்ஸே சரி. இணைப்புகள் கூடும்போது பிடிப்பு கூடும். நீர் வடியும் துளையை நோக்கி நான்கு பக்கமும் வாட்டம் கொடுக்கச் சிறிய கல்லால்தான் முடியும். நான்கடிக்கு இரண்டடிக் கல்லைக் குளியலறையில் போட்டு வாட்டம் எடுக்கச் சொன்னால் எந்தக் கொத்தனாரும் கல்லை வெட்டத்தான் செய்வார். மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளை டைல்ஸ் தனிக்கணக்கு. அது வீட்டின் தரையோடு பொருந்த வேண்டியதில்லை.

இரண்டு தரைகள் சந்திக்கும் இடம் கதவின் அடியில் இருக்க வேண்டும். கதவை மூடினால் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தரை மட்டுமே தெரிய வேண்டும். சந்திப்பில் ஒரு கிரானைட் பட்டி வைத்தால் வெட்டு மறையும். மட்டமும் இங்கேயே தீர்மானமாகிறது. டைல்ஸ் 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன், கிரானைட் 16 முதல் 20. இரண்டும் ஒரே மட்டத்தில் முடிய அடிச்சாந்தின் உயரத்தை முன்பே கணக்கிட வேண்டும். அரை அங்குலத் தட்டல் வயதானவர் கால் இடறப் போதும். குளியலறை மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். பழைய தரையின் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டும் வீடுகளில் கதவுகளின் அடியைச் சீவ வேண்டிவரும்.

நிறத்தைக் கடையில் தீர்மானிக்கக் கூடாது. கடலோர வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும் வகை. பாலிஷ் வெள்ளைத் தரை அதை இருமடங்காக்கும். மணலின் வெளிர் பழுப்பு, சாம்பல் கலந்த சந்தன நிறம் போன்றவை தூசியையும் மறைக்கும், வெளிச்சத்தையும் அடக்கும். மூன்று நான்கு மாதிரிக் கற்களை வாங்கிவந்து அறையிலேயே காலையிலும் விளக்கு வெளிச்சத்திலும், உலர்ந்தும் நனைத்தும் பார்ப்பது வழி. கதவின் மர நிறம் சிவப்புச் சாய்வா மஞ்சள் சாய்வா என்பதையும் அப்போதே ஒப்பிடலாம்.

பதிக்கும்போது வாசலில் முழுக் கல், வெட்டுக்கல் கடைசிச் சுவரடியில் என்பது கொத்தனார்கள் அறிந்த முறை. விட்ரிஃபைடைத் தண்ணீரில் ஊறவைத்துப் பயனில்லை. அது நீரையே குடிக்காததால் சிமெண்ட் பாலையும் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். கற்களுக்கிடையே 2 முதல் 3 மில்லிமீட்டரும் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டரும் இடைவெளி விட வேண்டும்; சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதித்த தரை ஒருநாள் வெயிலில் விரிந்து கூடாரம்போல் கிளம்பும். பதித்த மறுநாள் நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்ட கற்களை அப்போதே எடுத்துப் பதிக்கச் சொல்லலாம்.

வாங்கும் அளவில் அறைப் பரப்போடு பத்து விழுக்காடும், மூலைவிட்டமாகப் பதித்தால் பதினைந்து விழுக்காடும் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாப் பெட்டிகளிலும் நிறக்குறியீட்டு எண் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு முறை சுட்ட கற்களுக்கு நிறம் ஒத்துவராது. வேலை முடிந்தபின் ஒரு பெட்டியைப் பரணில் ஏற்றி, பெட்டியின் முகப்புச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தால், பத்து ஆண்டு கழித்து அம்மிக்குழவி விழுந்து உடைந்த ஒரு கல்லுக்காக அறை முழுவதையும் பெயர்க்க வேண்டிவராது.