பழைய பார்லி ரகத்தைக் காத்த பீப்பாய் பீர்

விளைச்சல் குறைவு என்று ஒரு ரகத்தைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் அதன் விதையே கிடைக்காமல் போவதுதான் வழக்கம். இங்கிலாந்தில் ஒரு பார்லி ரகம் அந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பியது. அதைக் கேட்டு வாங்கிய சிறிய பீர் ஆலைகளே அதற்குக் காரணம். குடியின் நன்மை தீமை வேறு விஷயம். தானியத்துக்கு எப்படி நல்ல விலை கிடைத்தது என்பதே விவசாயிகள் கவனிக்க வேண்டியது.

லூயிஸ் ஊர் ஆலை

இங்கிலாந்தின் தெற்கே சஸ்ஸெக்ஸ் பகுதியில் லூயிஸ் என்ற சிறிய ஊர் உள்ளது. அங்கே ஊஸ் ஆற்றங்கரையில் 1790-ல் தொடங்கப்பட்ட ஹார்வீஸ் பீர் ஆலை இன்றும் குடும்பத் தொழிலாகவே நடந்துவருகிறது. பெரிய கம்பெனிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய ஆலைதான். ஆனால் பருவத்துக்கு ஒன்றாகப் பல வகை பீர் தயாரிக்கிறது.

ஆண்டு முழுவதும் விற்பது 'சஸ்ஸெக்ஸ் பெஸ்ட்'. இதில் மதுச்சத்து 4 சதவீதம். 'டார்க் மைல்ட்' என்பது கருநிறமான, 3 சதவீத அளவிலான மென்மையான வகை. குளிர்காலத்துக்கு 'ஓல்ட் ஏல்' உண்டு. நவம்பர் 5-ஆம் நாள் லூயிஸில் நடக்கும் தீப்பந்தத் திருவிழாவையொட்டி 'பான்ஃபயர் பாய்' வரும். கிறிஸ்துமஸுக்கு 7 சதவீதத்துக்கு மேற்பட்ட வீரியமான வகை தயாராகும். இத்தனை வகைக்கும் அடிப்படை பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட் ஆகிய நான்கும்தான். பார்லியை வறுக்கும் பதமும் ஹாப்ஸ் ரகமும் மாறும்போது நிறமும் சுவையும் மாறுகின்றன.

பீப்பாய்க்குள் உயிர்

இந்த வகை பீரை 'ஏல்' என்கிறார்கள். பீப்பாயில் ஊற்றி அடைத்த பிறகும் அதில் ஈஸ்ட் உயிரோடு இருந்து மெல்லப் புளிக்கிறது. வடிகட்டுவதில்லை, சூடாக்கிக் கிருமி நீக்குவதும் இல்லை. விற்பனைக்கூடத்தின் நிலவறையில் பீப்பாயைக் கிடத்தி வைத்தால் கசடு கீழே படிந்து பீர் தெளிகிறது. பீப்பாயைத் திறந்துவிட்டால் சுமார் மூன்று நாட்களுக்குள் விற்றாக வேண்டும். வழக்கமான பீப்பாயின் அளவு 9 காலன், அதாவது சுமார் 41 லிட்டர்.

ஆகவே இந்தச் சரக்கு நெடுந்தூரப் பயணத்துக்கும் நீண்ட நாள் இருப்புக்கும் ஒத்துவராது. ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களே முக்கிய வாடிக்கைக்காரர்கள்.

எந்தப் பார்லிக்கு விலை?

பார்லியை ஊறவைத்து, முளை கட்டி, உலர்த்தி எடுப்பதே மால்ட். இதற்கான தானியம் நன்றாக முளைக்க வேண்டும். அதில் நைட்ரஜன் குறைவாக, சுமார் 1.6 சதவீத அளவில் இருப்பது நல்லது. விளைச்சலுக்கு ஆசைப்பட்டு உரத்தை அதிகமாகப் போட்டால் தானியத்தில் புரதம் கூடும், மாவுச்சத்து குறையும், பீரும் கலங்கும். வடிகட்டாத பீப்பாய் பீரில் இந்தக் கலங்கல் பெரிய குறை. அத்தகைய பார்லியை மால்ட் ஆலை திருப்பி அனுப்பிவிடும். பிறகு கால்நடைத் தீவன விலைதான் கிடைக்கும்.

இந்தத் தேவைக்கு மிகவும் ஏற்றது 'மாரிஸ் ஆட்டர்' ரகம். கேம்பிரிட்ஜ் பயிர்ப்பெருக்க நிலையத்தில் டாக்டர் ஜி.டி.எச். பெல் குழுவினர் 'பிராக்டர்', 'பயனீர்' என்ற இரண்டு ரகங்களை ஒட்டுச்சேர்த்து இதை உருவாக்கினர். 1965-ல் வெளியிடப்பட்ட இது, இலையுதிர்காலத்தில் விதைத்து அடுத்த கோடையில் அறுக்கும் பயிர்.

பின்னர் அதிக மகசூல் தரும் ரகங்கள் வந்தன. பெரிய ஆலைகள் அவற்றுக்கு மாறின. 1989-ல் மாரிஸ் ஆட்டர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் விதையிலும் கலப்பு ஏறியிருந்தது. அப்போது நார்ஃபோக், ஹாம்ப்ஷையர் பகுதிகளைச் சேர்ந்த இரண்டு தானிய வியாபார நிறுவனங்கள் முன்வந்தன. தூய விதையைத் திரும்பத் தெரிந்தெடுத்து, விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து பயிரிடச் செய்தன. 2002-ல் ரகத்தின் உரிமையையே வாங்கிக்கொண்டன.

புதிய ரகங்களைவிட ஏக்கர் மகசூல் குறைவுதான். அந்தக் குறையை ஈடுசெய்யும் வகையில், சாதாரண மால்ட் பார்லியைவிடக் கூடுதல் விலை ஒப்பந்தத்தில் உண்டு. இந்த மால்ட்டின் சுவைக்காக அந்த விலையைத் தரச் சிறிய ஆலைகள் தயாராக இருந்ததால்தான் இந்த ஏற்பாடு நிலைத்தது.

ஹாப்ஸ் கொடியும் சக்கையும்

கசப்புக்கும் மணத்துக்கும் சேர்ப்பது ஹாப்ஸ் கொடியின் பூ. 1878-ல் இங்கிலாந்தில் 70,000 ஏக்கருக்கு மேல் இருந்த இந்தப் பயிர், இப்போது 2,500 ஏக்கருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஹார்வீஸ் போன்ற ஆலைகள் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் 'ஃபகிள்', 'கோல்டிங்ஸ்' முதலிய பழைய ரகங்களைத் தொடர்ந்து வாங்குவது, மிஞ்சியிருக்கும் தோட்டக்காரர்களுக்கு ஆதரவு.

சாறு எடுத்த பார்லிச் சக்கை மாட்டுத் தீவனம். உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் புரதம் இருக்கிறது. ஈரம் அதிகமாதலால் விரைவில் கெட்டுவிடும். எனவே ஆலைக்கு அருகே மாடு வைத்திருப்பவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

வாடிக்கையின் பலம்

2006 டிசம்பரில் லூயிஸ் ஊரின் ஒரு விற்பனைக்கூடத்தில், அதற்கு உரிமையான பெரிய கம்பெனி ஹார்வீஸ் பீரை நிறுத்திவிட்டது. ஊர் மக்கள் அந்தக் கடைப்பக்கமே போகாமல் வாசலில் மறியல் செய்தனர். 133 நாட்கள் கழித்து, 2007 ஏப்ரலில் கம்பெனி பணிந்தது.

ஊர்க்காரர்கள் கேட்பதால் ஆலை நிற்கிறது. ஆலை கேட்பதால் பழைய ரகம் வயலில் நிற்கிறது. மகசூல் குறைந்த ரகத்தைப் பயிரிட நினைப்பவர்கள் இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மாரிஸ் ஆட்டர் விவசாயி விதையைத் தூவுவதற்கு முன்பே வாங்குபவர் யார், என்ன தரம், எவ்வளவு கூடுதல் விலை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறார்.